தலைக்கட்டும் காற்கட்டும்

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் ஆறேழு வருடம் குடியிருந்தால் அலமாரியின் ஒரு தட்டு கல்யாணப் பத்திரிகைகளால் நிறைந்துவிடும். எதிர் வீட்டுக்காரர், அலுவலகத் தோழர், பால் ஊற்றுகிறவர் மகள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. அட்டையும் வண்ணமும் மாறும்; உள்ளமைப்பு மாறாது. ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப் பக்கம் ஆங்கிலம், நான்கு மூலையிலும் மஞ்சள். தெலுங்குப் பக்கத்தின் எழுத்து, யாரோ தூரிகையை எடுத்து ஒரே மூச்சில் இழுத்துவிட்டுப் போனது போலிருக்கும். ஆங்கிலப் பக்கத்தின் எழுத்து, பழைய புத்தகம் ஒன்றிலிருந்து இறங்கி வந்த பெரியவரைப் போல அடக்கமாக நிற்கும்.

டி.டி.பி. கடைக்காரர் ஒருவரிடம் காரணம் கேட்டேன். ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் பழைய களை உள்ள எதை வேண்டுமானாலும் போடலாம், கௌடி நன்றாக இருக்கும் என்றார். தெலுங்குக்கு மட்டும் அவரிடம் இரண்டாம் பேச்சு கிடையாது. “பாபு பெடிதே பெள்ளிகள வஸ்துந்தண்டி.” பாபு போட்டால் கல்யாணக் களை வந்துவிடுமாம்.

ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதர் கையால் வரைந்த எழுத்து. இரண்டுக்கும் பழமையின் வாசம் உண்டு. ஆனால் குணத்திலும் பயனிலும் இவை ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் போகின்றன. தெலுங்கைத் தாமதமாகக் கற்ற தமிழன் ஒருவனின் கண்ணால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

இரண்டு கைகள்

ஃப்ரெடரிக் கௌடி 1865இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். எழுத்து வரைவதை முழுநேரத் தொழிலாகக் கொண்டபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். அதன்பின் 1947இல் இறக்கும்வரை நூற்றுக்கு மேற்பட்ட எழுத்துருக்களை வரைந்தார். 1908இல் நியூயார்க்கில் அவருடைய அச்சகம் எரிந்தது. 1939இல் மார்ல்பரோவில் இருந்த பட்டறையும் எரிந்தது. இரண்டு தடவையும் திரும்ப உட்கார்ந்து வரைந்தார். அறுபது வயதுவாக்கில், எழுத்து வார்ப்பதற்கான அச்சுக்குழிகளைத் தாமே வெட்டவும் கற்றுக்கொண்டார். அவர் கை வளைவுகளைக் கருவி வைத்து வரையாது. வெறும் கையாலேயே வரையும். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக 1915இல் அவர் வரைந்து கொடுத்த ‘கௌடி ஓல்ட் ஸ்டைல்’தான் இன்றைக்கும் பத்திரிகை அட்டைகளில் புழங்குகிறது.

பாபு என்று தெலுங்கு உலகம் அழைக்கும் சத்திராஜு லக்ஷ்மிநாராயணா 1933இல் மேற்கு கோதாவரியின் நரசாபுரத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. ‘ஆந்திர பத்ரிகா’வுக்குக் கார்ட்டூன் போட்டார், கதைகளுக்குப் படம் போட்டார், கணக்கில்லாமல் புத்தக அட்டைகள் வரைந்தார். ‘சாக்ஷி’ (1967), ‘முத்யால முக்கு’ (1975) போன்ற படங்களை இயக்கினார். எழுத்தாளர் முள்ளபூடி வெங்கட ரமணாவும் அவரும் பிரியாத இரட்டையர். தெலுங்கில் அழகான பெண்ணைப் ‘பாபு பொம்மை’ என்பார்கள். அவருடைய படத்திலிருந்து எழுந்து வந்தவள் என்று பொருள். அவர் 2014 ஆகஸ்ட் 31 அன்று இறந்தது சென்னையில். வாழ்நாளின் பெரும்பகுதி வாழ்ந்ததும் சென்னையில்தான். தெலுங்குக் களை ததும்புவதாகச் சொல்லப்படும் எழுத்து தமிழ்நாட்டுத் தலைநகரில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்பதில் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கலாம்.

இருவருக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேயே தெரிகிறது. கௌடிக்கு எழுத்தே தொழில். ஓர் எழுத்து, பக்கத்தில் எந்த எழுத்து வந்தாலும் ஒத்துப்போக வேண்டும் என்று யோசித்து வரைந்தார். பாபுவுக்குப் படம்தான் தொழில். எழுத்து படத்தின் கூடப் பிறந்தது. ஒரு கதைத் தலைப்புக்கு வேண்டிய ஏழெட்டு எழுத்தை அந்தப் படத்துக்காகவே எழுதினார். அடுத்த வாரம் வேறு தலைப்பு, வேறு எழுத்துகள். இப்படிப் பல ஆண்டு எழுதிய தலைப்புகளே சேர்ந்து சேர்ந்து ஒரு நெடுங்கணக்கு ஆகி, பிறகு கணினி எழுத்துருவாகவும் ஆயின.

‘பழைய பாணி’ எவ்வளவு பழையது?

லத்தீன் எழுத்தில் ‘ஓல்ட் ஸ்டைல்’ என்பது பின்னால் சூட்டிய பெயர். நிக்கோலா ஜென்சன் 1470இல் வெனிஸில் அச்சிட்ட எழுத்து, 1495வாக்கில் அதே ஊரில் ஆல்டஸ் மனூட்டியஸுக்காக ஃபிரான்செஸ்கோ க்ரிஃபோ வெட்டியது, பதினாறாம் நூற்றாண்டுப் பாரிஸில் கராமோன் வெட்டியது, பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் வில்லியம் காஸ்லன் வெட்டியது என்று ஒரு குடும்பம் இருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் போடோனியும் டிடோவும் மயிரிழைக் கோடும் தடித்த கோடுமாக, அளவெடுத்து நிமிர்த்திய எழுத்தைக் கொண்டு வந்தார்கள். அதற்கு ‘மாடர்ன்’ என்று பெயர் வந்ததும், முந்தியது தானாகப் ‘பழையது’ ஆகிவிட்டது.

காஸ்லனைப் பற்றி நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துப்பாக்கியில் பூவேலை செதுக்கிக்கொண்டிருந்த அவரை எழுத்து வெட்டும் தொழிலில் முதலில் ஊன்ற வைத்தது ஓர் அரபு எழுத்து வேலை. கொடுத்தது எஸ்.பி.சி.கே. என்ற லண்டன் கிறித்தவச் சங்கம். தரங்கம்பாடியில் சீகன்பால்குக்கு அச்சு இயந்திரம் அனுப்பிய அதே சங்கம். அங்கே தமிழ் அச்சிட முதல் எழுத்துகளை வார்த்துத் தந்தது ஜெர்மனியின் ஹாலே நகரம். சென்னையில் தெலுங்கு கற்ற பெஞ்சமின் ஷுல்ட்சே 1746, 1747ஆம் ஆண்டுகளில் தெலுங்குச் சிறுநூல்களை அச்சிட்டதும் அதே ஹாலேயில். லத்தீன், தமிழ், தெலுங்கு மூன்றின் அச்சு வரலாறும் இப்படி ஒரே தாழ்வாரத்தில் முட்டிக்கொள்கின்றன.

பழைய பாணியின் குணத்தைத் தந்தது பட்டை முனைப் பேனா. அதைச் சாய்த்துப் பிடித்து வட்டம் போட்டால், கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். மெலியும் இடம் உச்சியில் நேராக வராது. கடிகாரத்தின் பதினொன்றிலும் ஐந்திலும் வரும். எழுதிய கையின் சாய்வு அது. உலோகத்தில் வெட்டினாலும், நானூறு ஆண்டு கழித்துக் கௌடி காகிதத்தில் வரைந்தாலும் அந்தச் சாய்வு அப்படியே வருகிறது.

தெலுங்கின் பழைய கருவி எழுத்தாணி. பனையோலையைக் கீறி, பிறகு கரியைத் தேய்த்து எழுத்தைக் கண்ணுக்குக் கொண்டு வருவார்கள். எழுத்தாணி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பருமன் கோடுதான் போடும். தெலுங்கு வட்டமாக இருப்பதற்கும் ஓலையையே காரணம் சொல்வது வழக்கம்: நாரின் போக்கில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும் என்று. அதே ஓலையில்தான் தமிழும் எழுதினோம். நம் ‘ப’வும் ‘ட’வும் நேர்கோடும் மூலையுமாகத்தான் இருக்கின்றன. ஆகவே ஓலை மட்டும் காரணமாக இருக்க முடியாது. எழுதிய சமூகத்தின் ருசியும் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே பருமன் கோடு ஓலை தந்த குணம் என்பதில் சந்தேகமில்லை.

அப்படிப் பார்த்தால் தெலுங்கின் உண்மையான பழைய பாணி தடிப்பும் மெலிவும் இல்லாதது. பாபு எழுத்தில் கோடு பெருத்தும் சிறுத்தும் ஓடுவது தூரிகையும் இரும்பு நிப்பும் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டுப் பத்திரிகை அலுவலகத்தின் குணம். கல்யாணப் பத்திரிகையில் புராதனமாகத் தோன்றும் இரண்டுமே வயதில் இளையவை. ஒன்று 1915இல் பிறந்து தன் பாட்டன் முப்பாட்டனின் சாடையைக் காட்டுகிறது. இன்னொன்று தன் பாட்டன் உடுத்தாத உடையை உடுத்தியும் வீட்டுப்பிள்ளை என்றே அடையாளம் காணப்படுகிறது. அதற்குக் காரணம் அதன் தலையில் இருக்கிறது.

காலில் கட்டியது, தலையில் கட்டியது

லத்தீன் எழுத்தின் கோடு முடியும் இடத்தில் சின்னதாக ஒரு பாதம் இருக்கும். செரிஃப் என்பது அதற்குப் பெயர். காற்கட்டு என்று வைத்துக்கொள்வோம். ரோமானியக் கல்வெட்டுகளிலேயே அது உண்டு. கல்லில் வெட்டுமுன் பட்டைத் தூரிகையால் எழுதிய கை, கோட்டை முடிக்கும்போது திரும்பிய திருப்பமே அது என்று எட்வர்ட் கேட்டிச் என்ற பாதிரியார் 1968இல் வெளிவந்த தம் நூலில் வாதாடினார். கௌடி எழுத்தில் இந்தப் பாதம் தட்டையாக இருக்காது; நடுவில் இலேசாகக் குழிந்திருக்கும், பல தலைமுறை மிதித்த வாசற்படி போல. சிறிய ‘ஐ’ எழுத்தின் புள்ளியும் வட்டமில்லை, சாய்சதுரம். ‘ஜி’யின் காது மேல்நோக்கிச் சிலிர்த்திருக்கும்.

தெலுங்கு எழுத்தின் உச்சியில் ஒரு சிறு கீற்று உண்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சரி என்று போடும் குறி போலிருக்கும். அதற்குத் தெலுங்கில் ‘தலகட்டு’ என்று பெயர். நம் ஊரில் தலைக்கட்டு என்றால் குடும்பம். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். தெலுங்கு எழுத்துக்கு அது தலைப்பாகை.

முதல் பார்வைக்கு இரண்டும் ஒன்றே என்று தோன்றும். ஒன்று காலில் அலங்காரம், ஒன்று தலையில் அலங்காரம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். தெலுங்கு எழுதக் கற்றபோதுதான் பிசகு புரிந்தது. தலகட்டு அலங்காரம் இல்லை; அது அகரம். தலைப்பாகையோடு நின்றால் ‘க’. இகரம் வர வேண்டுமென்றால் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ‘குடி’ என்ற வளைவை அந்த இடத்தில் வைக்க வேண்டும். மெய்யெழுத்தாக்க வேண்டுமென்றால் அங்கே ‘பொல்லு’ வைக்க வேண்டும். உகரக் குறி போன்ற சில குறிகள் சேரும்போது மட்டும் தலகட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். ப, ல, ஜ போன்ற சில எழுத்துகளுக்குப் பிறவியிலேயே தலகட்டு கிடையாது. வரி விலக்குப் பெற்ற குடும்பங்கள். தெலுங்கின் ப வரிசையில் ‘பௌலி’ என்பதன் முதல் எழுத்தாகிய ஒலிப்புள்ள பகரத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஊர்ப் பெயரையே எடுத்துப் பார்க்கலாம். தெலுங்கில் ‘கச்சிபௌலி’ என்று எழுதினால் நான்கு எழுத்துக் கூட்டு. முதலில் உள்ள க தலைப்பாகையோடு நிற்கும். அடுத்த சகரம் இகரம் பெற்றதால் தலைப்பாகையைக் கழற்றிக் குடி சூட்டிக்கொள்ளும். இரட்டித்த இன்னொரு ச, ‘ஒத்து’ ஆகி, தலை வெறுமையாக அடியில் போய் உட்காரும். அடுத்து பௌ, அதன்பின் லி; இரண்டும் விலக்குப் பெற்றவை. மொத்தப் பெயரிலும் தலைப்பாகை ஒன்றே ஒன்று. அதை எடுத்துவிட்டால் எழுத்து குறைப்பட்டுப் போகும்.

இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து. எச், எல், இரண்டு ஐ ஆகியவை பாதத்தோடு நிற்கும். ‘ஓ’வுக்குப் பாதமே இல்லை. எல்லாப் பாதத்தையும் வெட்டி எறிந்தாலும் கச்சிபௌலி கச்சிபௌலியாகவே இருக்கும். கழற்றினால் குரல் மாறாதது காற்கட்டு. கழற்றினால் குரலே மாறிவிடுவது தலைக்கட்டு. ஒன்று நகை, மற்றது உறுப்பு.

கையால் வரைகிறவருக்கு இதனால் கிடைக்கும் சுதந்திரமும் வேறாகிறது. கௌடி பாதத்தைக் குழிக்கலாம், கூராக்கலாம், மழுப்பலாம். வாசகன் தடுமாற மாட்டான். பாபு தலகட்டைச் சுண்டிவிடலாம், நீட்டலாம், பட்டம் போலப் பறக்கவிடலாம். ஆனால் அது தலகட்டாகத் தெரிந்தாக வேண்டும், குடியாகவோ பொல்லாகவோ மயங்கக் கூடாது. அவருடைய எழுத்தின் உற்சாகம் பெரும்பாலும் அந்தக் கீற்றில்தான் இருக்கிறது. கட்டாயமாகப் போட்டே ஆக வேண்டிய கோட்டில் அவர் விளையாடியதால்தான் எத்தனை தூரிகைச் சேட்டை செய்தாலும் எழுத்து தெலுங்காகவே நிற்கிறது.

தமிழன் இந்த இடத்தில் தன் எழுத்தை நினைக்காமல் இருக்க முடியாது. நமக்குக் காற்கட்டும் இல்லை, தலைக்கட்டும் இல்லை. தலையில் புள்ளி உண்டு. தெலுங்கின் தலைக்குறி அகரம் இருப்பதைச் சொல்கிறது. தமிழின் தலைக்குறி அகரம் போய்விட்டதைச் சொல்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே இடத்தில் எதிரெதிர்ச் சேதியை எழுதி வைத்திருக்கிறோம்.

அடிக்கோட்டுக்குக் கீழே

கையால் வரைந்த எழுத்து ஈயத்தில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதிலும் இரண்டும் ஒப்பிடத் தக்கவை. கௌடி ஓல்ட் ஸ்டைலில் ஒரு குறையை எல்லோரும் சொல்வார்கள். பி, க்யூ, வொய் போன்ற எழுத்துகளின் கீழ்க்கால் குட்டை. அது கௌடியின் ஆசையன்று. எந்த எழுத்துருவை எதனோடு கலந்து கோத்தாலும் அடிக்கோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று வார்ப்பகம் ஒரு பொதுக்கோடு வைத்திருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே இடம் கொஞ்சம்தான். காலை மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். இணங்கியதற்காகப் பின்னாளில் அவர் வருந்தினார். அச்சுக்கோப்பவருக்கோ அது வசதியாயிற்று. வரிகளை நெருக்கிக் கோத்தாலும் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்காது.

தெலுங்குக்குக் காலை மடக்கும் வழியே இல்லை. ‘ராஷ்ட்ரம்’ என்று எழுதினால் ஷகரத்துக்கு அடியில் டகரத்தின் ஒத்து, அதோடு ரகரத்தின் ஒத்து என்று மாடிக்குக் கீழ் மாடி போகும். மேலே தலகட்டு, கீழே இரண்டு ஒத்து. ஒரு வரியின் உயரத்தில் மூன்று மாடிக் குடும்பம். அந்த உயரத்தை ஈயத்தின் அளவுக்குள் அடக்க வேண்டுமென்றால் ஒத்துகள் சிறுத்து நசுங்கும், இல்லாவிட்டால் வரிகளுக்கிடையே வெள்ளை விழும். கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலப் பக்கம் கட்டுச்செட்டாகவும் தெலுங்குப் பக்கம் காற்றோட்டமாகவும் தோன்றுவதற்கு இதுவே காரணம். வடிவமைப்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் ஆங்கில வரிகளையும் கொஞ்சம் தளர்த்தி இரண்டையும் சமன் செய்வார். தெரியாதவர் தெலுங்கைச் சுருக்குவார். மாப்பிள்ளையின் தாத்தா கண்ணாடியைத் தேடுவார்.

தமிழ் இந்த வகையில் புண்ணியம் செய்தது. அடுக்கு எழுத்து நம்மிடம் கிடையாது. க்ஷ, ஸ்ரீ என்று விருந்தாளிகள் சிலரைத் தவிர. ஆனால் நாமும் ஈயத்துக்காகவும் தட்டச்சுக்காகவும் விட்டுக்கொடுத்தோம். 1978இல் தமிழக அரசு பெரியார் வழி எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, யானைத் தும்பிக்கை போல் சுருண்டிருந்த ணை, லை, ளை, னை எல்லாம் நேராயின. அச்சுக்கோப்பவர் மகிழ்ந்தார். கையால் எழுதுகிறவருக்கு அழகான ஒரு சுழி குறைந்தது.

வாசிப்புக்கு ஒன்று, வைபவத்துக்கு ஒன்று

இந்த ஒப்பீட்டின் நடு முடிச்சு பயனில்தான் இருக்கிறது. பழைய பாணி லத்தீன் எழுத்து எங்கே நன்றாக வேலை செய்யும்? நாவலின் முந்நூறாவது பக்கத்தில், நள்ளிரவில், பதினொரு பாயிண்ட் அளவில். கையின் சாய்வு அங்கே கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். ஒரு வரியை எட்டி நின்று பார்த்தால் கறுப்பும் வெளுப்பும் சீராகப் பின்னிய பாய் போலிருக்கும். காற்கட்டு வாசிப்பை உண்மையிலேயே விரைவாக்குகிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை; நெடுநேரம் வாசிக்க அது உறுத்தாது என்பதை ஐந்நூறு ஆண்டுப் பழக்கம் காட்டுகிறது.

பாபு எழுத்தை அப்படி முந்நூறு பக்கம் வாசிக்க முடியாது. அதன் இடம் தலைப்பு, அட்டை, கார்ட்டூன் வசனம், கல்யாணப் பத்திரிகை, திருவிழா ஃப்ளெக்ஸ். நாலு வரி இருந்தால் வீடு களைகட்டும். நாற்பது வரி ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசும் கல்யாண மண்டபம்.

லத்தீனில் கையின் சாயல் பொடி எழுத்துக்குள் புகுந்து வாசிப்புக்குப் போயிற்று. தெலுங்கில் அது பெரிய எழுத்தில் தங்கி வைபவத்துக்குப் போயிற்று. தமிழிலும் இதேதான். கே.எம். ஆதிமூலம் (1938–2008) வரைந்த தலைப்பு எழுத்துகள் சிற்றிதழ் அட்டைகளிலும் நூல் அட்டைகளிலும் ஒரு காலத்தின் முகமாகவே இருந்தன. அட்டையைத் திருப்பி உள்ளே போனால், எல்லோருக்கும் பொதுவான ஈய எழுத்து.

ஏன் இப்படி? கலைஞர்கள் உள்பக்கத்தை அலட்சியம் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, கணக்கு அப்படி. லத்தீனில் பெரியதும் சிறியதுமாக ஐம்பத்திரண்டு எழுத்து, எண்கள், சில குறிகள் வரைந்தால் ஒரு புத்தகத்தை அச்சிடலாம். அதனால்தான் ஒரே மனிதர் ஒரே ஆயுளில் நூற்றுக்கு மேல் எழுத்துரு வரைய முடிந்தது. தெலுங்கிலோ உயிர்மெய்கள், ஒத்துகள், அடுக்குகள் என்று வடிவங்கள் நூற்றுக்கணக்கில் போகும். அத்தனைக்கும் அச்சுக்குழி வெட்டி ஈயம் வார்க்கும் முதலீட்டை எந்த அச்சகம் அடிக்கடி போடும்? வார்ப்பகம் கொடுத்த ஒன்றிரண்டு முகங்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். பஞ்சாங்கத்துக்கும் பாடப்புத்தகத்துக்கும் காவியத்துக்கும் ஒரே முகம். கலைஞனின் கைக்கு எட்டியது தலைப்பு மட்டும்தான். அதற்கு ஏழெட்டு எழுத்து போதும், பிளாக் எடுத்து அச்சிட்டுவிடலாம்.

தலைப்புக்காகப் பிறந்த எழுத்து எழுத்துருவாக மாறும்போது ஒன்று இழக்கப்படுகிறது. ‘மமத’ என்று பாபு கையால் எழுதியிருந்தால் அதில் வரும் இரண்டு மகரமும் அண்ணன் தம்பியாக இருக்கும். சாயல் ஒன்று, ஆள் வேறு. கணினி எழுத்துருவில் அவை அச்சு மாறாத இரட்டையர். கௌடிக்கு இந்த நட்டம் இல்லை. தம் எழுத்து ஒரு பக்கத்தில் ஆயிரம் தடவை திரும்ப வரும் என்று தெரிந்தே வரைந்தார். திரும்பத் திரும்ப வந்தாலும் சலிக்காத அளவுக்குத் தம் சேட்டையை அடக்கிக்கொண்டார். அவருடைய அடக்கம் ஒரு தொழில் ரகசியம். பாபுவின் அடங்காமையும் தொழில் ரகசியம்தான். ஒரே ஒரு தடவை வரப்போகும் எழுத்தில் எதை அடக்கி வைப்பது?

எதிரெதிர்ப் பக்கங்கள்

கணக்கு மாறினால் முடிவும் மாறும் என்பதற்கு ஒரு புத்தகம் சாட்சி. 1974இல் தோன்றிய ஹைதராபாத் பல்கலைக்கழகம் கச்சிபௌலியில்தான் பாறைகளுக்கிடையே இருக்கிறது. அங்கே தெலுங்கு இலக்கியம் படிக்கும் மாணவருக்கு அல்லசானி பெத்தனாவின் ‘மனுசரித்ரமு’ தப்பிக்க முடியாத காவியம். வேல்சேரு நாராயண ராவும் டேவிட் ஷுல்மனும் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2015இல் தொடங்கிய மூர்த்தி செவ்வியல் நூல்வரிசையின் முதல் தொகுதிகளில் அதுவும் ஒன்று. இடப்பக்கம் தெலுங்கு, வலப்பக்கம் ஆங்கிலம். ஒருவகையில் இதுவும் கல்யாணப் பத்திரிகையின் அமைப்புதான்.

ஆங்கிலப் பக்கத்தில் ‘ஆன்ட்வெர்ப்’ என்ற எழுத்துரு. ஆன்ட்வெர்ப் நகரத்து ப்ளான்டின்-மொரேட்டுஸ் அச்சு அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய எழுத்துகளைப் பார்த்து ஹென்ரிக் கூபல் புதிதாக வரைந்தது. பழைய பாணியின் பேரப்பிள்ளை. தெலுங்குப் பக்கத்துக்கென்று ஃபியோனா ராஸ், ஜான் ஹட்சன் ஆகியோரைக் கொண்டு புதிதாக ஓர் எழுத்துரு செய்வித்தார்கள். அதில் கோடு ஒரே பருமனில் ஓடாது; தடித்து மெலிந்து மூச்சு விடும். ஆனால் பாபு எழுத்தைப் போல் துள்ளாது. ஒத்துகளுக்குத் தாராளமாக இடம் இருக்கும். தலகட்டுகள் வரிசையாக, சந்தடியில்லாமல் நிற்கும். கையின் சாயலைத் தலைப்பிலிருந்து இறக்கி நூலின் உள்பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வார்ப்பகச் செலவு தடுத்துவைத்திருந்த ஒன்று, அறக்கட்டளைப் பணமும் கணினியும் சேர்ந்ததும் நடந்துவிட்டது. தெலுங்கின் இயல்பு அதைத் தடுக்கவில்லை என்பதும் அதனால் தெளிவாயிற்று.

திரையில்

கச்சிபௌலியில் எழுத்தைப் பற்றிப் பேசினால் கணினியைத் தாண்டிப் போக முடியாது. 1998இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்பக் கல்விக்கழகம் இங்கேதான் மொழித் தொழில்நுட்ப ஆய்வு மையம் நடத்துகிறது. விண்டோஸோடு தெலுங்குக்குக் ‘கௌதமி’யும் தமிழுக்கு ‘லதா’வும் அனுப்பிய மைக்ரோசாஃப்ட்டின் வளாகமும் இங்கேதான். கௌதமியைப் பார்த்தால் கோடு பழையபடி ஒரே பருமன். பழைய திரைகளில் புள்ளிகள் குறைவு; மெல்லிய கோடு காணாமல் போகும், காற்கட்டு கரைந்து அழுக்காகும். எழுத்தாணி விதித்த கட்டுப்பாட்டை, பல நூற்றாண்டு கழித்துத் திரை திரும்ப விதித்தது.

டி.டி.பி. கடைகளில் சங்கதி வேறு. நம் ஊரில் பாமினி, வானவில் என்பது போல அங்கே ‘அனு’. அந்த வகை எழுத்துருக்களில் திரையில் தெரிவது தெலுங்கு. உள்ளே சேமிப்பது ஆங்கிலக் குறிகள். அப்படிப்பட்ட எழுத்துருவில் அழகாகக் கோத்த பத்திரிகையின் வரியை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கிறுக்கல் வந்து விழும். பிறகுதான் யூனிகோடில், யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமத்தோடு, சிலிக்கான் ஆந்திரா அமைப்பு பல தெலுங்கு எழுத்துருக்களை வெளியிட்டது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஸ்ரீ கிருஷ்ணதேவராய’. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையை ‘ஆமுக்தமால்யத’ என்று தெலுங்கில் பாடிய அதே அரசர். அந்தக் கோப்பின் லத்தீன் பகுதியாக வைத்திருப்பது ‘க்ரிம்சன் டெக்ஸ்ட்’ என்ற பழைய பாணி எழுத்து. தலைக்கட்டும் காற்கட்டும் ஒரே கோப்புக்குள் குடித்தனம் வந்துவிட்டன.

ஆனால் ஒரே கோப்பில் இருப்பதால் ஒரே குணம் வந்துவிடாது. இரண்டையும் ஒரே அளவில் போட்டுப் பார்க்கிறவர், ஒன்று வாசிக்க அழைப்பதையும் மற்றது வணங்க அழைப்பதையும் கவனிக்கலாம். பக்கத்தில் வைப்பதற்கு முன், எந்த எழுத்து எந்த வேலைக்குப் பிறந்தது என்று கேட்பதே வடிவமைப்பாளரின் முதல் கடமை.

பலகையில் மிஞ்சியது

தமிழில் எழுத்துரு வரைகிறவர்கள் இந்த இரண்டு பேரிடமும் வாங்கிக்கொள்ள வேண்டியவை உண்டு. கௌடியிடமிருந்து, பொடி எழுத்துக்கும் ஒரு மனிதக் கை வேண்டும் என்பதை. நம் நாவல்களின் உள்பக்கம் இன்னும் அந்தக் கைக்காகக் காத்திருக்கிறது. பாபுவிடமிருந்து, விளையாட வேண்டியது எந்தக் கோட்டில் என்பதை. லத்தீன் எழுத்தின் காற்கட்டைக் கழற்றித் தமிழுக்கு மாட்டிப் பார்க்கும் முயற்சிகள் பெரும்பாலும் இரவல் செருப்பாகவே போகின்றன. நமக்குச் சொந்தமாகப் புள்ளி இருக்கிறது, சுழி இருக்கிறது, கொம்பு இருக்கிறது. பாபு தலகட்டை எடுத்துக்கொண்டது போல, எழுத்துக்கு உயிரானதில் கைவைத்தால்தான் அழகும் ஒட்டும்.

மாலையில் அலுவலகம் விட்டு வெளிவட்டச் சாலையைத் தொடும் இடத்தில் வண்டிகள் ஊர்ந்து நிற்கும். 158 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையின் பச்சைப் பலகைகள் தலைக்கு மேல் ஊர்ப் பெயர்களைக் காட்டும். வேகத்தில் வாசிக்க வேண்டிய எழுத்து; அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலப் பெயர்கள் காற்கட்டு எல்லாம் இழந்து மொட்டைக் கோடுகளாக நிற்கும். யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. மேலே தெலுங்கில் கச்சிபௌலி. தூரிகைத் துள்ளல் இல்லை, தடிப்பு மெலிவு இல்லை, பாபுவின் சாயல் துளிகூட இல்லை. ஆனாலும் முதல் எழுத்தின் உச்சியில் அந்தச் சிறு கீற்று இருக்கிறது. அதை எடுக்க எந்தப் பொறியாளராலும் முடியாது. எடுத்தால் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துக்கு உயிர் இருக்காது.